மாமாவின் அச்சகத்தில் கிடைத்த சைட் புராஜெக்ட்

2025 ஜனவரி முதல் வாரத்தில், பொறியியல் படிப்பின் கடைசிப் பருவத்துக்காக, சென்னை ராஜீவ் காந்தி சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்குச் சேர்ந்தேன். என்னைச் சோதனைக் குழுவில் போட்டார்கள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடியும் வேலை. அதன் பிறகு துரைப்பாக்கத்தில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்குத் திரும்பினால், படுக்கும்வரை மூன்று மணி நேரம் கையில் இருக்கும். என்னோடு சேர்ந்த ஏழு பேரும் அந்த மூன்று மணி நேரத்தில் ஏதாவது ஒரு சைட் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள், அல்லது எதைச் செய்வது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வில் கேட்பார்கள், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாரும் சொன்ன காரணம். நானும் அந்தக் காரணத்தோடுதான் தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் எங்கே வழி தவறியது, பிறகு எங்கே போய் நின்றது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இப்போது பயிற்சியில் இருப்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் என் நோட்டில் பதினான்கு யோசனைகள் சேர்ந்தன. செலவுக் கணக்கு எழுதும் செயலி, வானிலைச் செயலி, அன்றாட வேலைகளைப் பட்டியல் போடும் செயலி, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் சாட்பாட் என்று எல்லாமே எங்கோ படித்தவை, அல்லது யாரோ சொன்னவை. இவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன்; ஒரு நிரல்மொழியைக் கை பழக இவை நல்ல பயிற்சிகள். ஆனால் அவற்றில் ஒன்றைத் தொடங்கி மூன்றாம் நாள் மாலை மடிக்கணினியைத் திறக்கும்போது, இதை முடிக்காமல் விட்டால் யாருக்கு என்ன குறை என்ற கேள்வி வந்து நிற்கும். அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பிய உடம்பு அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்கும். என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதினைந்தாவது யோசனை இவற்றையெல்லாம்விட நன்றாக இருந்தது. சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பை நாள்தோறும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் கண்ட நகரத்தில், இந்த எண்களைத் தினமும் எடுத்து வரைபடமாக்கிக் காட்டுவது பயனுள்ள வேலை என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மூன்று வாரம் அதில் உழைத்தேன். எண்களைத் தானாக எடுக்கும் நிரல் ஓடியது, வரைபடமும் அழகாக வந்தது. பிறகு ஒரு நாள் என் நிரலில் இருந்த ஒரு பிழையால் அது நின்றுவிட்டது. அது நின்றதே நான்கு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த நான்கு நாளும் நான் உட்பட ஒருவரும் அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. ஏரி நிலவரத்தில் அக்கறை உள்ளவர்கள் ஏற்கெனவே வேறு இடங்களில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். விஷயம் நல்ல விஷயமாக இருப்பது வேறு, அதில் என் கை தேவைப்படுவது வேறு என்பதை நான் அந்த நான்கு நாளில்தான் கற்றேன்.

பிப்ரவரி நடுவில் ஒரு வீட்டு விசேஷத்துக்காக நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டிக்குப் போனேன். என் தாய்மாமா அங்கே ஒரு சிறிய அச்சகம் வைத்திருக்கிறார். ஒரு மினி ஆஃப்செட் இயந்திரம், ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் மேசை, டிடிபி எனப்படும் பக்க வடிவமைப்பு வேலைக்கு இரண்டு கணினிகள், அவ்வளவுதான் கடை. நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் எல்லாம் வரும் என்றாலும் கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வருமானம். மாசி முகூர்த்தங்களுக்கான வேலை நெருக்கிக்கொண்டிருந்ததால், விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் நானும் கூடமாட உதவலாம் என்று கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

டிடிபி பார்க்கும் அக்கா ஒரு கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, கணினித் திரையில் ஏற்கெனவே அடித்து முடித்திருந்த பத்திரிகையைப் பார்த்துப் பார்த்து, அதே மேட்டரை மறுபடியும் கைபேசியில் எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் அழைப்பை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பித் தரச் சொல்லியிருந்தார்கள். "அதுல இருந்து காப்பி பண்ணி இதுல போடலாமே அக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரையிலிருந்து இரண்டு வரிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு மின்னஞ்சலில் ஒட்டிக் காட்டினார். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குவியல் வந்து விழுந்தது. "இது பாமினி எழுத்து. வெளிய போனா இப்படித்தான் வரும்" என்றார். பக்கத்தில் தாள் எண்ணிக்கொண்டிருந்த மாமா, தலையைத் தூக்காமலே, "இருபது வருஷமா அடிச்ச மேட்டரெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளதான் பாப்பா கிடக்கு. பேப்பர்ல ஏத்த மட்டும்தான் ஆகும்" என்றார்.

அன்று மாலைவரை நான் அங்கே உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு பத்திரிகையை மறுபடி அடிக்க ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு மட்டும் ஐந்து பத்திரிகைகள். பொழுதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒருமுறை செய்து முடித்த வேலையையே திரும்பச் செய்வதில் போய்க்கொண்டிருந்தது. சிறு வயதிலிருந்து விடுமுறைக்கெல்லாம் போய் விளையாடிய கடை அது. இந்தக் காட்சியும் எனக்குப் புதிதாக இருந்திருக்காது. ஆனால் ஒருவர் ஒரே விஷயத்தை ஏன் இரண்டு முறை எழுதுகிறார் என்று நான் அதுவரை கேட்டதில்லை. இப்போது யாராவது என்னிடம் புராஜெக்டுக்கு யோசனை கேட்டால், யோசனையைத் தேட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர்களில் யார் ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். என்னோடு பயிற்சியில் இருந்த ஒரு தோழியின் அம்மா கிராமத்துப் பால் சங்கத்தில் வேலை செய்கிறார். பாலின் கொழுப்பு அளவையும், கொழுப்பு அல்லாத திடப்பொருள்களைக் குறிக்கும் எஸ்என்எஃப் அளவையும் இயந்திரம் தரும் சீட்டிலிருந்து பதிவேட்டுக்கு எடுத்து எழுதுவது அவருடைய அன்றாட வேலை. இதைச் சொன்ன மறு வாரமே அவள் அதைத் தன் புராஜெக்டாக எடுத்துக்கொண்டாள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை, தமிழ் எழுத்து என்று ஒன்றும் கிடையாது. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். திரையில் 'தமிழ்' என்று தெரிகிற சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. எழுத்துரு கூடவே இருக்கும்வரை அது தமிழ். எழுத்துரு விலகிய உடனே அது குவியல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரமான ஒருங்குறி (யூனிகோட்), 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தது. ஆனால் அது மக்கள் வைத்திருந்த கணினிகளிலும் அச்சு மென்பொருள்களிலும் ஒழுங்காக ஓடப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எழுத்துரு செய்தவர்கள், எந்த இடத்தில் எந்த எழுத்து என்பதற்கு ஆளுக்கொரு குறியாக்கம் வைத்துக்கொண்டார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. சிறிய அச்சகங்கள் அந்த வேகத்தில் மாறவில்லை. மாமாவின் கடையில் இன்றும் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர்தான் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். அதில் ஒருங்குறித் தமிழை அடிக்க முடியாது. பழகிய கையும் இருபது வருடக் கோப்புகளும் அதற்குள் இருக்கும்போது, மாறுங்கள் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது.

சென்னைக்குத் திரும்பும் ரயிலிலேயே கைபேசியில் தேடிப் பார்த்தேன். பாமினியை ஒருங்குறியாக்கும் கருவிகள் ஏற்கெனவே பல இருந்தன. ஓபன்-தமிழ் என்னும், பைத்தான் நிரல்மொழிக்கான திறமூல நிரல் தொகுப்பிலேயே பழைய குறியாக்கங்களை மாற்றித் தரும் பகுதி உண்டு. ஏரி விஷயத்தில் நடந்ததுதான் இங்கும் நடக்கப்போகிறதோ என்று மனம் தளர்ந்தது. ஆனாலும், கடையிலிருந்து எடுத்து வந்த மூன்று பத்திரிகைகளை இணையத்தில் கிடைத்த ஒரு கருவியில் போட்டு, வந்ததை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. மூன்றிலும் சேர்த்துப் பதினொரு பிழைகளை அவர் வட்டம் போட்டுப் படமாக அனுப்பியிருந்தார். ஏரி வரைபடத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எனக்கு அந்தப் படத்தில் தெரிந்தது. இங்கே எது தவறு என்று சொல்வதற்கு ஒருவர் இருந்தார். சரியாக வந்தால் அன்றைக்கே அதைப் பயன்படுத்தவும் அவர் தயாராக இருந்தார். ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காக ஒரு வேலையைக் கைவிடும் முன், அந்தக் கருவியை அந்த வேலை நடக்கும் மேசையில் வைத்து ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்கும் முன் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உடனிருந்தவர்களில் பலர் அதைச் செய்யவில்லை. பயிற்சி ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணி ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் போக்கில் உருவாகும் படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவரை, வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். பயிற்சியில் இருப்பவருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது அவர் கையெழுத்திட்ட தாளைப் பொறுத்தது. சில ஒப்பந்தங்கள் இதைவிட அகலமாகவும் எழுதப்பட்டிருக்கும். அதனால் என் மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என்ன செய்யப்போகிறேன், யாருக்காக, சொந்த மடிக்கணினியில், அலுவலக நேரத்துக்கு வெளியே, நிறுவனத்தின் தரவோ நிரலோ எதையும் தொடாமல் என்று அதில் இருந்தது. இரண்டு நாளில் ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் கருவியின் முதல் பதிப்பு ஒரே சனிக்கிழமையில் முடிந்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை ஒன்றும், அதை மாற்றிப்போடும் ஐம்பது வரி நிரலும்தான். இதில் ஒரே ஒரு நுணுக்கம், எழுத்துகளின் வரிசை. பழைய கோப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுகளாகக் கிடக்கும். ஒருங்குறியில் முதலில் க வந்து, ஒகரக் குறி அதன் பின்னால் வர வேண்டும். ஆகவே மூன்று துண்டுக் கோவைகளை முதலில் மாற்றி, இரண்டு துண்டுகளை அடுத்து மாற்றி, தனி எழுத்துகளைக் கடைசியில் மாற்ற வேண்டும். இது எல்லாக் கருவிகளும் செய்வதுதான். அக்கா வட்டம் போட்ட பிழைகள் இதற்கு அப்பால் இருந்தன.

அவற்றில் முதலாவது, 'வௌ்ளிக்கிழமை'. இணையத்தில் தமிழ் படிக்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பிழையைப் பார்த்திருப்பார்கள். 'வௌியீடு', 'தௌிவு' என்றெல்லாம் வரும். ஔகாரக் குறியின் பின்பாதியும் 'ள' என்ற எழுத்தும் உருவத்தில் ஒன்று என்பதால், பழைய எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று கோப்பில் வந்தால் அது 'வௌ' ஆகவும் இருக்கலாம், 'வெள' ஆகவும் இருக்கலாம். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே விழுவதால் இருபது வருடமாக யாருக்கும் இது தெரிய வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையிலோ 'சௌபாக்கியவதி'யும் 'வெள்ளிக்கிழமை'யும் பத்து வரிக்குள் அடுத்தடுத்து வரும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். இரண்டு இரவு யோசித்து ஒரு விதி எழுதினேன். ள-வுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது தனி எழுத்து. ஒன்றும் வராவிட்டால் அது ஔகாரக் குறியின் பாதி. வெள்ளி, வெளியீடு, தெளிவு, ஒளி எல்லாம் சரியாயின. சௌபாக்கியவதியும் ஔவையும் சரியாக வந்தன.

நிம்மதி இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாள் அக்கா அனுப்பிய பத்திரிகையில் மணமகளின் பெயர் கௌரி. என் கருவி அதைக் 'கெளாி' என்று தந்தது. பார்வைக்குக் கிட்டத்தட்ட சரியாகவே தெரிந்ததால் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அக்காதான் கைபேசியில் எழுத்துகள் விலகி நிற்பதைப் பார்த்துச் சொன்னார். கோப்பைத் திறந்து ஒவ்வொரு விசையாகப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பழைய முறையில் தட்டச்சுப் பழகியவர்கள் 'ர்', 'ரி', 'ரீ' ஆகியவற்றை ர-வின் விசையால் அடிப்பதில்லை. அச்சில் அந்த இடங்களில் ர-வின் கீழ்க்கோடு இருக்காது என்பதால், கால் விசையை அடித்து அதன் மேல் புள்ளியையோ இகரக் குறியையோ வைத்துவிடுவார்கள். ஆகவே கௌரி என்ற பெயர் கோப்பில் கொம்பு, க, ள, கால், இகரக் குறி என்று இருந்தது. என் விதி ள-வுக்குப் பின்னால் கால் இருப்பதைப் பார்த்தது. கால் ஓர் உயிர்க்குறி. ஆகவே ள ஒரு தனி எழுத்து என்று முடிவு கட்டியது.

விதியில் தவறில்லை, விதிகளை வைத்த வரிசையில்தான் தவறு. கால் வந்து அதன் மேல் புள்ளியோ இகரமோ ஈகாரமோ இருந்தால், முதலில் அந்தக் காலை ர-வாக்க வேண்டும். அதன் பிறகுதான் ள-வைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றினேன். கௌரி சரியாக வந்தது. அதோடு, அதுவரை கோப்பு முழுவதும் 'அவா்கள்' என்று காலோடும் புள்ளியோடும் வந்துகொண்டிருந்தவை எல்லாம் 'அவர்கள்' ஆயின. திரையில் வேறுபாடு தெரியாத இந்தப் பிழைதான் ஒரு சொல்லைத் தேடும்போது அகப்படாமல் செய்யும் பிழை. மணி இரவு பன்னிரண்டரை. விடுதியின் பொது அறையில் நான் மட்டும் இருந்தேன். ஆறு மாதப் பயிற்சியில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த நேரம் எது என்று கேட்டால் தயங்காமல் அந்த இரவைத்தான் சொல்வேன். என் தாய்மொழியின் எழுத்துகளை மூன்று வயதிலிருந்து எழுதுகிறேன். அவை ஒன்றோடொன்று எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதை அன்றுதான் பார்த்தேன்.

மற்றப் பிழைகள் இவ்வளவு ஆழமானவை அல்ல. மணமக்களின் பட்டங்கள் ஆங்கில எழுத்துருவில் இருந்தன. அவற்றையும் தமிழ் என்று நினைத்துக் கருவி மாற்றிவிட்டது. பேஜ்மேக்கரிலிருந்து வெறும் உரையாக எடுத்தால் எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல் போய்விடும்; ஆர்டிஎஃப் கோப்பாக எடுத்தால் அது தங்கும். எனவே ஆர்டிஎஃப்பைப் படித்து, பாமினியில் இருப்பதை மட்டும் மாற்றும்படி செய்தேன். கடைக் கணினியில் விண்டோஸ் 7 இருந்ததால், அதில் ஓடக்கூடிய கடைசிப் பதிப்பான பைத்தான் 3.8-இல் எழுதி, இரட்டைச் சொடுக்கில் திறக்கும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தேன். கடையில் இணைய இணைப்பு நம்ப முடியாதது. ஆகவே எதற்கும் இணையம் தேவைப்படாதபடி பார்த்துக்கொண்டேன்.

பகலில் அலுவலகத்தில் கற்றதும் இரவில் செய்ததும் ஒன்றையொன்று தொட்டதை இங்கே சொல்ல வேண்டும். சோதனைக் குழுவில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒரு பழைய பிழை திரும்ப வரவில்லை என்பதை ஒவ்வொரு பதிப்பிலும் உறுதி செய்யும் சோதனைகளை எழுதுவது. முதல் மாதம் முழுவதும் அந்த வேலை எனக்குச் சலிப்பாக இருந்தது. சரியாகிவிட்ட ஒன்றை எதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சௌபாக்கியவதியைத் திருத்தும்போது வெள்ளிக்கிழமை உடைந்ததைக் கண்ட பிறகு அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை. அக்கா சுட்டிய ஒவ்வொரு பிழையையும் ஒரு சோதனையாக எழுதி வைத்தேன். கடையில் கிடைத்த முப்பத்தாறு பத்திரிகைகளை ஒருங்குறியாக்கி, அதைத் திரும்பப் பாமினியாக்கி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் இருந்தது. அந்தப் பத்திரிகைகளில் குடும்பங்களின் பெயர்களும் கைபேசி எண்களும் முகவரிகளும் இருந்தன. நிரலைப் பொதுவில் வைக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவை எல்லாவற்றையும் கற்பனைப் பெயர்களாக மாற்றினேன். அதைத் தவிர்த்திருந்தால் ஒரு வாரம் முன்னதாகவே வெளியிட்டிருக்கலாம். ஆனால் நம்பிக் கொடுத்த மேட்டர் அது.

செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றிடம் கொடுத்தால் இதை ஒரு நொடியில் மாற்றித் தராதா என்று அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான், நானும் யோசித்தேன். கல்யாணப் பத்திரிகையில் பாதிக்கு மேல் பெயர்கள். ஊர்ப்பெயர், குலதெய்வத்தின் பெயர், தாத்தா வைத்துக்கொண்ட இனிஷியல், ஒரு குடும்பம் தலைமுறையாக எழுதிவரும் எழுத்துமுறை என்று எதுவும் எந்த அகராதியிலும் இருக்காது. அவற்றைத் தெரிந்த சொல்லாகத் திருத்தித் தரும் கருவி இந்த வேலைக்கு ஆபத்தானது. அடித்தது அடித்தபடி வர வேண்டும், ஒரே கோப்பை நூறு முறை கொடுத்தாலும் ஒரே விடை வர வேண்டும். என் விதியும் எல்லா இடத்திலும் பொருந்தாது. 'விளக்கு' என்பதைப் பேச்சு வழக்கில் 'வெளக்கு' என்று எழுதிய ஒரு கோயில் நோட்டீஸில் அது தவறியது. அதற்குப் பிறகு, ள-வைப் பற்றி விதி முடிவு செய்த ஒவ்வோர் இடத்தையும் மஞ்சள் நிறத்தில் காட்டும்படி மாற்றினேன். கருவி ஊகித்த இடம் எது என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டும்.

மே மாதக் கடைசியில், வைகாசி முகூர்த்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, இரண்டு நாள் விடுப்பில் கடைக்குப் போனேன். குரோதி வருடம் போய் விசுவாவசு பிறந்திருந்ததால் பழைய பத்திரிகைகளில் வருடப் பெயரை மாற்றிப் புதியது செய்துகொண்டிருந்தார்கள். அக்கா ஒரு கோப்பை எடுத்து, மாற்றி, மஞ்சள் இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கைபேசிக்கு அனுப்பியபோது மூன்று நிமிடம் ஆகியிருந்தது. "மஞ்சள் இல்லாத இடத்தையெல்லாம் பார்க்காம அனுப்பலாமா?" என்று மாமா கேட்டார். "பேரை மட்டும் எப்பவும் வாசிச்சுப் பாருங்க மாமா" என்றேன். அக்கா அதற்குள் பெயர்களை உரக்கப் படிக்கத் தொடங்கியிருந்தார். அது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. கோரல்டிரா என்னும் வரைகலை மென்பொருளில் செய்து, எழுத்தைக் கோட்டுருவமாக்கிய (கர்வ்) வேலைகளில் எழுத்தே இல்லை, வெறும் கோடுகள்தான் இருக்கின்றன. அவற்றை இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. ஜூனில் பயிற்சி முடிந்தது. நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டார்கள், கௌரியின் கதையைச் சொன்னேன், வேலையும் கிடைத்தது. சென்ற வாரம் மாமா கூப்பிட்டு, பக்கத்துத் தெரு அச்சகக்காரரும் கருவியைக் கேட்கிறார், ஆனால் அவர் வைத்திருப்பது வேறு எழுத்து என்றார். அந்த எழுத்துருவில் எந்த விசைக்கு எந்த எழுத்து வருகிறது என்று ஒரு தாளில் வரிசையாக அடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 'ஔ'வுக்குத் தனி விசை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொன்னேன்.